சிறிய மோட்டார் படகில் ஹைட்ராலிக் டிரைவ் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இன்ஜின் சுகமாக ஓடுகிறது. லீவரை முன்னால் தள்ளினால் படகு நகர மறுக்கிறது, அல்லது நகர்ந்தாலும் பாதி வேகத்துக்கு மேல் ஏறவில்லை. ஹைட்ராலிக் டிரைவ் உள்ள சிறிய படகைப் புதிதாகக் கையாளுகிறவர்கள் இந்த இடத்தில் பம்பின் மேல்தான் முதலில் பழி போடுகிறார்கள். விசாரிக்கப் போனால் கடைக்காரரும் "பம்பு போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். பெரிய தொகை கொடுத்துப் புதுப் பம்பு மாட்டிய பிறகும் அதே கோளாறு அப்படியே நிற்கும். எண்ணெய் குறைந்திருந்தாலும், உறிஞ்சும் குழாய் அடைத்திருந்தாலும், புரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருந்தாலும் படகு இதே மாதிரிதான் நடந்துகொள்ளும். புதுப் பம்பு மாட்டுவதால் இவற்றில் எதுவும் சரியாகாது. அதனால் கேஜில் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் யாரும் பம்பில் ஸ்பேனர் வைக்கக்கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். கீழே வரும் வரிசையும் அதை ஒட்டியதுதான்: செலவில்லாத சோதனைகள் முதலில், கழற்றும் வேலை கடைசியில்.

முதலில், உங்கள் படகில் இருப்பது எது?

படகில் 'ஹைட்ராலிக்' என்று சொன்னால் வேறு வேறு பொருள்களைக் குறிக்கும். அவுட்போர்டு மோட்டாரைத் திருப்புகிற ஹைட்ராலிக் ஸ்டீயரிங் ஒன்று. மோட்டாரைத் தூக்கி இறக்கும் டில்ட் சிலிண்டர் இன்னொன்று. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் கியர்பாக்ஸில் கிளட்சை எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்க வைப்பது மூன்றாவது. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பற்றியது அல்ல. இங்கே பேசுவது, இன்ஜினின் சக்தி முழுவதும் எண்ணெய் வழியாகவே புரொப்பெல்லருக்குப் போகும் அமைப்பு. இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு எண்ணெயை ஹோஸ் வழியாகத் தள்ளும். அந்த எண்ணெய் பின்னாலுள்ள ஹைட்ராலிக் மோட்டாரைச் சுற்றும். மோட்டாரின் தண்டில் புரொப்பெல்லர். ஜேசிபி வண்டியின் கைகளை அசைப்பதும் இதே தத்துவம்தான்.

இன்ஜினையும் புரொப்பெல்லர் தண்டையும் நேர்க்கோட்டில் வைக்க வேண்டியதில்லை என்பதால், இடநெருக்கடி உள்ள படகுகளில் இதைப் பொருத்துகிறார்கள். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான படகுகள் சிலவற்றில் இது உண்டு. ஏரிகளில் ஆகாயத்தாமரை அள்ளும் இயந்திரப் படகுகளில் துடுப்புச் சக்கரங்களைச் சுற்றுவதும் பெரும்பாலும் ஹைட்ராலிக் மோட்டார்தான்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைத் தருவது எண்ணெயின் ஓட்டம். இழுவையைத் தருவது அழுத்தம். ஒரு சுற்றுக்கு 20 சிசி தள்ளும் பம்பை 2000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரும். அது 40 சிசி மோட்டாரை 1000 ஆர்பிஎம்மில் சுற்றும். அந்த 40 லிட்டர் 150 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் போகிறது என்றால் 40-ஐ 150-ஆல் பெருக்கி 600-ஆல் வகுங்கள்: 10 கிலோவாட், அதாவது சுமார் 13 குதிரைத்திறன். உங்கள் பம்பின் பெயர்த்தட்டில் இருக்கும் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டால், பிறகு கேஜ் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் புரியும்.

கையை வைக்கும் முன்

ஹைட்ராலிக் ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அதிலிருந்து வரும் எண்ணெய்த் தாரை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் இருக்கும், முதலில் பெரிதாக வலிக்கவும் செய்யாது. உள்ளே எண்ணெய் பரவித் திசு அழுகினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் கசிவைத் தேடும்போது ஹோஸின் மேல் கையை ஓட்டாதீர்கள். ஒரு நீளமான அட்டையைக் குறுக்கே பிடித்து நகர்த்துங்கள். அட்டை நனைந்தால் அங்கேதான் ஓட்டை. மீறி எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஏறியது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எந்த நட்டைத் தளர்த்துவதானாலும் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ட்ரோல் லீவரை முன்னும் பின்னும் சில தடவை தள்ளி, உள்ளே தங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். எண்ணெய் ஆறும் வரை பொறுங்கள். நடுத் தண்ணீரில் கோளாறு என்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது. பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள்

கருவி எதுவும் வேண்டாத முதல் சோதனை இது. படகைக் கரையில் கட்டிவிட்டு, லீவரைப் போட்டு மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். இன்ஜின் சத்தம் கனத்து, திணறி, புகை தள்ளுகிறதா? அப்படியானால் சக்தி எண்ணெய்க்குள் போகிறது, எங்கேயோ எதிர்ப்பு அதிகமாக இருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லர்தான். மாறாக, சுமையே இல்லாதது போல இன்ஜின் லேசாகச் சீறிக்கொண்டு ஓடி, புரொப்பெல்லர் தண்டும் அசையாமல் இருந்தால், எண்ணெய் வராமலே இருக்கிறது, அல்லது வேலை செய்யாமல் குறுக்கு வழியில் தொட்டிக்குத் திரும்புகிறது.

திணறும் படகில் இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு புரொப்பெல்லரைப் பாருங்கள். பாலித்தீன் பை, ஆகாயத்தாமரைத் தண்டு, வலைத்துண்டு எது வேண்டுமானாலும் இருக்கலாம். இவற்றில் மோசமானது தங்கூசி நூல். மெல்லியதாக இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்டோடு சுற்றி, உராய்வுச் சூட்டில் உருகி, கண்ணாடி வளையல் போல இறுகிப்போய், அப்படியே ஆயில் சீலுக்கு அடியில் நுழைந்துவிடும். கத்தியால் அறுத்து எடுத்த பிறகு தண்டைத் துடைத்துவிட்டுச் சீல் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

லேசாக ஓடும் படகில், பம்பின் தண்டு சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜினுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள கப்ளிங்கில் ரப்பர் தேய்ந்து நொறுங்கியிருக்கலாம், கப்ளிங்கைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை அறுந்திருக்கலாம். சில நூறு ரூபாய்ப் பொருள் அது. இதேபோல பின்பக்கம் மோட்டார் சுற்றியும் புரொப்பெல்லர் சுற்றாவிட்டால் அங்கேயுள்ள கப்ளிங்தான் குற்றவாளி.

எண்ணெயைப் பாருங்கள்

தொட்டியின் அளவுக் கண்ணாடியில் மட்டம் சரியாக இருக்கிறதா? குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். மூடிய அமைப்பில் எண்ணெய் தானாகச் செலவாகாது. பில்ஜில், அதாவது தண்ணீர் சேரும் படகின் அடிப்பள்ளத்தில், தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்பை உடனே நிறுத்துங்கள். அந்த எண்ணெய் தண்ணீரில் போகக்கூடாது.

அடுத்து நிறம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய் எரிந்த வாடை வந்தால் நீண்ட நாளாகச் சூடு தாங்கியிருக்கிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் காரணம் இரண்டு: காற்று அல்லது தண்ணீர். பாட்டிலை ஒரு மணிநேரம் அசைக்காமல் வையுங்கள். காற்று என்றால் குமிழிகள் மேலேறித் தெளிந்துவிடும். மறுநாள் காலையிலும் வெளுப்பாகவே இருந்தாலோ, அடியில் தண்ணீர் பிரிந்து நின்றாலோ, தண்ணீர் புகுந்துவிட்டது.

தண்ணீர் வரும் வழிகளில் முக்கியமானது ஆயில் கூலர். கடல் நீரோ ஆற்று நீரோ குழாய்களுக்குள் ஓடி எண்ணெயைக் குளிர்விக்கும் இடம் அது. உள்ளே ஒரு குழாய் அரித்து ஓட்டையானால், ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெய் தண்ணீர்ப் பக்கம் போகும். வெளியேறும் தண்ணீரில் வானவில் படலம் மிதக்கும். இன்ஜினை நிறுத்திய பிறகு தண்ணீர் மெல்ல எண்ணெய்க்குள் இறங்கும். ஆகவே 'எண்ணெய் குறைகிறது, கூடவே வெளுக்கிறது' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் நேராகக் கூலரைக் கழற்றிச் சோதியுங்கள். சில கூலர்களில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி உண்டு. அது கரைந்து காணாமல் போயிருந்தால் அடுத்து அரிபடுவது குழாய்தான்.

உப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் நாள் கடத்தக் கூடாது. பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். தொட்டியை மட்டும் காலி செய்தால் ஹோஸ், மோட்டார், கூலர் இவற்றில் தங்கிய பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும். அதே நம்பர் எண்ணெயை ஊற்றி, சுமையில்லாமல் சில நிமிடம் ஓட்டி, வடித்து, திரும்பவும் ஊற்றி வடிக்க வேண்டும். தெளிவாக வரும் வரை இதைச் செய்து, கடைசியில் ஃபில்டரை மாற்றுங்கள்.

எந்த நம்பர் எண்ணெய்? கடையில் 32, 46, 68 என்று கேட்பார்கள். 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்கள் இவை. தயாரிப்பாளர் சொன்ன நம்பரையே போடுங்கள். புதுக் கேனில் இருக்கும் எண்ணெயும் போதுமான சுத்தம் என்று நம்ப வேண்டாம். 10 மைக்ரான் ஃபில்டர் வழியாக ஊற்றுவது நல்லது. புனலையும் மூடியையும் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலிருந்து பிரியும் நூலிழை ஒன்று போதும், வால்வு இருக்கையில் உட்கார்ந்துகொள்ள.

உறிஞ்சும் பக்கம்

என் அனுபவத்தில் அதிகக் கோளாறுகள் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் அழுத்தம் கிடையாது. பம்பு இழுப்பதால் வெற்றிடம்தான் இருக்கும். அதனால் இங்கே கிளிப் தளர்ந்திருந்தால், ஓடும்போது எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கசிவே தெரியாததால் யாருக்கும் சந்தேகமும் வராது.

காற்று போனால் பம்புக்குள் சரளைக்கல் உருளுவது போலச் சத்தம் வரும், தொட்டியில் நுரை கட்டும், படகு விட்டுவிட்டு இழுக்கும். கண்டுபிடிக்கும் வழி எளிது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது, சுற்றும் பாகங்களில் கை படாதபடி, உறிஞ்சும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸைத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் தடவியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பம்பின் தண்டு சீல் தேய்ந்திருந்தாலும் அது வழியாகக் காற்று போகும், அங்கேயும் பாருங்கள்.

நுரை இல்லாமல் ஒரே சீராகக் 'கீ' என்று கத்தினால் பம்புக்கு எண்ணெய் போதவில்லை. தொட்டிக்குள் இருக்கும் வலை ஃபில்டர் அடைத்திருக்கலாம். தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தியதும் சத்தம் நின்றால் அதுதான். காலையில் எண்ணெய் ஆறிக் கெட்டியாக இருக்கும்போது மட்டும் கத்தினால், நம்பர் கூடின எண்ணெயை ஊற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று, எளிதில் ஏமாற்றக்கூடியது. ஒரு படகில் உறிஞ்சும் ஹோஸ் வெளியிலிருந்து பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தது, கிளிப்புகளும் இறுக்கம். ஆனால் வேகம் கூட்டியதும் பம்பு கத்தும், குறைத்தால் அடங்கிவிடும். ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் கீறியபோது, உள்தோல் பிரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. மெதுவாக ஓடும்போது அது சுவரோடு ஒட்டிக்கிடக்கும்; வேகமாக இழுத்தால் எழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். வெற்றிடத்தைத் தாங்க உள்ளே கம்பிச் சுருள் வைத்த, எண்ணெய்க்கென்றே தயாரித்த ஹோஸைத்தான் இங்கே போட வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

கேஜ் போட்டுப் பார்ப்பது

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் இப்போது பிரஷர் கேஜ். கிளிசரின் நிரப்பிய 250 பார் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முள் நடுங்காமல் நிற்கும். பம்பின் அழுத்தப் பக்கத்தில் இதற்கென ஒரு துளை பெரும்பாலும் இருக்கும். வழக்கமாக உங்கள் அமைப்பு எத்தனை பாரில் வேலை செய்யும் என்பது அதன் ஏட்டில் இருக்கும்.

படகை முன்னும் பின்னும் உறுதியான கயிற்றால் கட்டி, லீவரை முன்னால் போட்டு, ஆர்பிஎம்மை மெல்ல ஏற்றுங்கள். புரொப்பெல்லர் சுற்றச் சுற்ற அழுத்தமும் ஏற வேண்டும். ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் முள் அங்கேயே நின்று, ரிலீஃப் வால்விலிருந்து (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு விடும் வால்வு) சீறும் சத்தம் வந்தால், எண்ணெய் அந்த வால்வு வழியாகத் தப்பிக்கிறது. வால்விலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாய் மற்ற இடங்களைவிடச் சூடாக இருப்பதும் அடையாளம். துப்பாக்கி மாதிரிக் கையில் பிடிக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் இதைத் தொடாமலே பார்த்துவிடலாம்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு ரிலீஃப் வால்வின் திருகை உள்ளே முடுக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுத்தம் எல்லை மீறினால் வெடிப்பது ஹோஸ், அதன் பக்கத்தில் நிற்பது நீங்கள். வால்வுக்குள் ஒரு துகள் சிக்கி மூடாமல் இருப்பதுதான் பொதுவான காரணம். திருகு இருக்கும் இடத்தைப் பெயிண்டால் குறித்துவிட்டு, வால்வைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து, அதே குறிக்குத் திரும்ப மாட்டுங்கள். அந்தத் துகள் பெரும்பாலும் யாரோ இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் பிசிறாக இருக்கும். ஹைட்ராலிக் இணைப்புகளுக்கு டேப் கூடாது; டவுட்டி வாஷரோ (உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) ஓ ரிங்கோ, அந்த இணைப்புக்கு எது உரியதோ அதைப் போடுங்கள்.

முன்னால் நன்றாகப் போகிறது, பின்னால் மட்டும் போகவில்லை என்றால் பம்பைச் சந்தேகிக்கவே வேண்டாம். இரண்டு திசைக்கும் ஒரே பம்புதான். லீவரிலிருந்து வால்வுக்குப் போகும் கேபிள் முழுத் தூரம் தள்ளுகிறதா என்று பாருங்கள். வால்வின் தண்டு பாதியில் நிற்பது சகஜம். கேபிள் சரி என்றால் மோட்டார் பக்கத்திலுள்ள அந்தத் திசைக்கான ரிலீஃப் வால்வைப் பாருங்கள்.

எண்ணெய் தொட்டிக்குத் திரும்பாமல் பம்புக்கும் மோட்டாருக்கும் இடையிலேயே சுற்றும் அமைப்பாக இருந்து, இரண்டு திசையிலும் இழுவை இல்லை என்றால், பழுதான படகை இன்னொரு படகு இழுத்துச் செல்வதற்காக வைத்திருக்கும் பைபாஸ் வால்வை யாராவது திறந்து விட்டுவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அந்தச் சுற்றில் குறையும் எண்ணெயை ஈடுகட்டும் சின்னப் பம்பான சார்ஜ் பம்பின் அழுத்தத்தைப் பாருங்கள்.

சூடு ஏறினால்

ஹைட்ராலிக் டிரைவில் சக்தியில் கால் பங்கு வரை சூடாகப் போவது சாதாரணம். 10 கிலோவாட் அமைப்பில் அது 2.5 கிலோவாட், வீட்டுக் கீஸர் ஒன்று நிற்காமல் எரிவதற்குச் சமம். இந்தச் சூட்டை எடுத்துப் போவது முக்கியமாகக் கூலர்தான். எண்ணெய் 60 டிகிரியை ஒட்டி இருந்தால் நிம்மதி. 80 தாண்டினால் நிறுத்துங்கள். சீல்கள் கடினமாகி வெடிக்கும், எண்ணெயும் கெடும். தண்ணீர் ஃபில்டரில் பாசியும் மணலும் அடைத்திருக்கிறதா, தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் இதழ் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த இதழ் காணவில்லை என்றால் அது கூலரின் வாயில்தான் போய் அடைந்திருக்கும். தேடி எடுத்தே ஆக வேண்டும்.

புறப்படும்போது நல்ல இழுவை, அரைமணி கழித்து எண்ணெய் சூடானதும் சோர்ந்துபோகிறது என்பது வேறு கதை. எண்ணெய் இளகியதும் பம்பிலோ மோட்டாரிலோ தேய்ந்த இடைவெளி வழியாக உள்ளுக்குள்ளேயே கசிகிறது. இரண்டில் எது? உங்கள் மோட்டாரில், உள்ளே கசியும் எண்ணெயைக் கொண்டுபோகும் கசிவுக் குழாய் தனியாகத் தொட்டிக்குப் போகிறது என்றால், அதன் தொட்டி முனையைக் கழற்றி ஒரு அளவுக் குடுவையில் விடுங்கள். எண்ணெய் சூடாக இருக்கும்போது, சுமையோடு ஒரு நிமிடம் ஓட்டி, எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து, தயாரிப்பாளர் தரும் எல்லையோடு ஒப்பிடுங்கள். அதைவிட நிறைய வந்தால் மோட்டார் தேய்ந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, எண்ணெயும் ரிலீஃப் வால்வும் சரி, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்றால், இப்போது பம்பைச் சந்தேகிக்கலாம். இந்தக் கசிவுக் குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் மோட்டாரின் தண்டு சீல் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பம்பைக் கழற்றினால்

சிறிய படகுகளில் பெரும்பாலும் கியர் பம்பு. மூடியைத் திறந்ததும், பல்சக்கரங்கள் சுற்றும் உடற்பகுதியில், எண்ணெய் நுழையும் பக்கமாக லேசான தேய்ந்த தடம் தெரியும். பயப்பட வேண்டாம், நல்ல பம்பிலும் அது இருக்கும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள் இருந்தால் அழுக்கு எண்ணெய் ஓடியிருக்கிறது. பக்கத்தட்டுகள் கறுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. இரண்டிலும், காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பம்பு மாட்டினால் அதுவும் அதே கதிக்கு ஆளாகும். தொட்டியைத் துடைத்து, ஃபில்டரை மாற்றி, ஹோஸ்களைக் கழுவிய பிறகே மாட்ட வேண்டும்.

மாட்டும்போது பம்பின் வாயில் எண்ணெய் ஊற்றி நிரப்புங்கள். சுற்றும் திசை அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எதிர்த் திசையில் ஓடினால் சீல் உடனே போய்விடும். இன்ஜினைச் சில விநாடி மட்டும் சுற்றி நிறுத்துங்கள், மறுபடி சுற்றுங்கள். லீவரை நடுவிலேயே வைத்து, குறைந்த வேகத்தில், தொட்டியில் குமிழி வருவது நிற்கும் வரை ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு திசையிலும் மெல்லப் போட்டுக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் மட்டத்தைத் திரும்பவும் சரிசெய்யுங்கள்.

கடைசியாகக் கரையில் கட்டியபடியே ஒரே ஆர்பிஎம்மில், எண்ணெய் சூடான பிறகு, அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பார்த்துத் தேதியோடு அந்த நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை படகு சோர்ந்தால் முதலில் திறக்க வேண்டியது அந்த நோட்டை.